தூக்குக் குண்டு நகர்ந்த நாள்

மச்சானின் தூக்குக் குண்டு என் வீட்டு அலமாரியில், மருந்து டப்பாக்களுக்கு நடுவே கிடக்கிறது. நேர் பார்க்கக் கயிற்றில் தொங்கவிடுகிற பித்தளைக் குண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, நுனி மட்டும் மழுங்கிப் போயிருக்கிறது. கயிறு நான் மாற்றியது. இரத்த அழுத்த மாத்திரையைத் தேடும்போதெல்லாம் முதலில் அதுதான் கையில் தட்டுப்படும். கை உடனே பின்னால் வந்துவிடும்.

மச்சான் என் அக்காவின் கணவர், சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கும்வரை அதை அடியிலிருந்து தாங்கும் மரக் கட்டுமானம்தான் சென்ட்ரிங். அறுபதுகளின் நடுவில், கடலூர்–சிதம்பரம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைச் சாலையில், ஆற்றுக்குக் குறுக்கே கான்கிரீட் வளைவுப் பாலம் கட்டினார்கள். மச்சானுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு வாய்க்கால் பாலத்தில் அவர் போட்ட சென்ட்ரிங் சரிந்து ஓர் ஆளுக்குக் கால் முறிந்திருந்தது. அதிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கான்ட்ராக்டரின் வாசலில் மூன்று மாதம் நின்று இதை வாங்கியிருந்தார். இந்த வளைவு ஒழுங்காக நின்றால் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் சொந்த ஊர் மங்கலம்பேட்டைக்குத் திரும்பி விறகுக் கடைதான் வைக்க வேண்டும். என்னையும் அவர்தான் அங்கே கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். எனக்கு இருபத்தைந்து வயது, வாய் மட்டும் ஐம்பது வயதுக்காரனுடையது.

வளைவுக்குக் கான்கிரீட் போடுவதில் ஒரு முறை உண்டு. இரண்டு கரையிலிருந்தும் ஒரே வேகத்தில் ஏறி வந்து நடு உச்சியில் சேர வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் அடியில் உள்ள சவுக்குக் கால்களும் பனந்துண்டுகளும் மறுபக்கம் சாய ஆரம்பிக்கும். அதற்காகக் கரைக்கு ஒரு கொடி. இருபது சட்டி கான்கிரீட் கொட்டியதும் கொடியைத் தூக்க வேண்டும். இரண்டு கொடியும் உயர்ந்த பிறகுதான் அடுத்த இருபது. வடகரைக் கொடி என் கையில் இருந்தது. மச்சான் ஆற்று மணலில், வளைவின் நடு உச்சிக்கு நேர் கீழே நின்றார். உச்சியிலிருந்து தூக்குக் குண்டு தொங்கியது. அதன் நுனிக்குக் கீழே மணலில் ஒரு முளை அடித்திருந்தார். நுனி முளையை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

ஐப்பசி வெள்ளம் வருமுன் முடிக்க வேண்டும் என்று புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலையே ஆரம்பித்தோம். மதியத்துக்கு மேல் எங்கள் கரை மிக்சர் மெஷின் மக்கர் பண்ணியது. தென்கரை ஆட்கள் சும்மா இருப்பார்களா? விசில் அடித்தார்கள். "வடகரைல தூங்குறீங்களா, டீ வாங்கி அனுப்பட்டா?" என்று ஒருவன் கத்தினான். சட்டி தூக்கும் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்துச் சட்டிதான் விழுந்திருந்தது, கொடியைத் தூக்கிவிட்டேன். அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதே மாதிரி இன்னும் மூன்று தடவை செய்தேன்.

கீழே வேலையை மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் போட்ட சத்தம் மேலே கேட்டது. "என்னய்யா மேஸ்திரி, குண்டு ரெண்டு விரக்கடை நகந்துருக்கு! மறுபடியும் சரிச்சுட்டியா?" ஆட்கள் அப்படியே நின்றார்கள். இதே ஆள், இதே சென்ட்ரிங் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஏணியில் இறங்கி ஓடினேன். இன்ஜினியர் தென்கரைப் பக்கம் கால்களைப் பார்க்கப் போயிருந்தார். மச்சான் குனிந்து முளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒங்க மரம் சரியல. நான்தான் பொய்யாக் கொடி காட்டிட்டேன்."

அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து, "எத்தினி சட்டி?" என்று கேட்டார்.

"நாப்பது."

"சரியாச் சொல்லு. கூடக் கொறையச் சொன்னா எல்லாம் போயிரும்."

"நாப்பதுதான் மச்சான். சார்ட்ட நானே சொல்லிட்றேன்."

"சொன்னா இப்பவே ஒன்னய வெளிய அனுப்பிடுவாரு. ஒங்கக்கா எம் மூஞ்சில முழிக்கமாட்டா. மேல போ."

இன்ஜினியரிடம் போய், "சாரம் நிக்கும் சார். தெக்கால நிறுத்துங்க, வடக்கால மட்டும் நாப்பது சட்டி போடச் சொல்லுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "காத்து ஜாஸ்தி சார்" என்றார். தென்கரைக் கான்கிரீட் காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். மிக்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்வெட்டியால் நாங்களே கலந்தோம். கொடியைக் கீழே வைத்துவிட்டு நானும் சட்டி தூக்கினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். முப்பதில் குண்டு ஒரு விரல்கடை திரும்பியதாகக் கீழிருந்து சத்தம் வந்தது. நாற்பதாவது சட்டியைக் கொட்டியதும் மச்சான் கையை உயர்த்தினார். குண்டின் நுனி முளைக்கு நேரே நின்றது. இருட்டுவதற்குள் உச்சியை மூடிவிட்டோம்.

பாலம் நின்றது. ஆனால் அந்த இன்ஜினியர் மறக்கவில்லை. அடுத்து இரண்டு பெரிய பாலங்கள் வந்தன. "அந்த மேஸ்திரி சாரம் ஆடும்" என்று ஒரு வார்த்தை சொன்னார், வேலை வேறு ஆளுக்குப் போனது. மச்சான் கடைசிவரை வீட்டு மாடிகளுக்குத்தான் சென்ட்ரிங் அடித்தார். நான் சொல்ல வாயெடுத்த போதெல்லாம், "நின்ன பாலத்த எதுக்குடா நோண்டுற" என்று அடக்கிவிடுவார். அக்காவிடமும் காற்று என்றே சொல்லிவைத்திருந்தார். "பாழாப்போன காத்து, எங் குடும்பத்த மாடியோட நிறுத்திடுச்சு" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நான் டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. அவர் மவுத்தான பிறகு தூக்குக் குண்டை என்னிடம் கொடுத்ததும் அக்காதான்.

இப்போது பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழையதை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. போன வாரம் அக்காவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். குண்டைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன், இந்தத் தடவை சொல்லாமல் திரும்புவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். உச்சியில், கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கயிற்றை மெதுவாக இறக்கினேன். ஆற்றுக் காற்றில் குண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அவரு சொன்னது சரிதான்டா. பாரு, என்னா காத்து."

"காத்து இல்லக்கா," என்றேன். "நான்தான். நாப்பது சட்டி."