மாதா படமும் என் எச்சிலும்

எச்சில் சுத்தமா, அசுத்தமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது மகள் கன்னத்தில் காய்ந்த இட்லியை விரலில் எச்சில் தொட்டுத்தான் துடைக்கிறேன். அவளே கடித்த பிஸ்கட்டை மாதா படத்தின் முன் வைத்தால் பதறி எடுக்கிறேன்.

வில்லியனூர் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது அந்தப் படம். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆயில் பெயிண்டிங். மெழுகுவத்திப் புகையில் மாதாவின் முகமே மறைந்துவிட்டது. திருவிழாவுக்குள் சுத்தம் செய்ய வழி தேடினேன். ஒருவர் ஷாம்பு என்றார், இன்னொருவர் உருளைக்கிழங்கு என்றார். பழைய ஓவியங்களைப் பராமரிப்பவர்கள் எச்சிலைப் பயன்படுத்துவார்கள் என்று படித்தேன். குச்சியில் பஞ்சு சுற்றி, எச்சிலில் நனைத்து, தேய்க்காமல் உருட்ட வேண்டுமாம். பிறகு ஈரப்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டுமாம்.

மாமியார் மதகடிப்பட்டில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போன அன்று ஆரம்பித்தேன். முதலில் ஓரத்தில் சோதித்தேன். பஞ்சில் புகையின் பழுப்பு மட்டும் வந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வொன்றாகத் தெளிந்தது. அப்போதுதான் திருபுவனை கம்பெனியிலிருந்து கணவர் வந்து நின்றார்.

"இன்னாடி, மாதா மேல துப்பிக்கினு இருக்கியா?"

"துப்பலைங்க, பஞ்சுல தொட்டுதான்..."

"பல்லு வெளக்கினியா? அதையாவது சொல்லு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் குனிந்து படத்தின் அடியைக் காட்டினார். "அம்மா தெனம் முத்தம் வைக்கிற பாதம் மட்டும் முன்னாடியே பளிச்சுனு இருக்கு பாரு. அது இன்னா, பன்னீரா?"

தைரியம் வந்து மாதாவின் நீல மேலாடையில் பஞ்சை உருட்டினேன். பஞ்சு லேசாக நீலமானது. பயந்து நிறுத்திவிட்டேன்.

மாமியார் திரும்பி வந்ததும் படத்தின் முன் போய் நின்றார். "எங்கப்பா வூட்ல பாத்த அதே மொகம்டி," என்றவர், அன்று பாதத்தை விட்டுக் கன்னத்தில் முத்தம் வைத்தார். கணவர் இருமினார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"அந்த நீலத்தையும் தொடைச்சிடு. எப்படி செய்றன்னு நானும் பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன்."

அன்றிலிருந்து பிள்ளைக்குச் சளி, வீட்டுப்பாடம் என்று தள்ளிப்போடுகிறேன். திருவிழா நெருங்குகிறது. சாயம் போகிறதே, நீலத்தைப் புகையோடு அப்படியே விட்டுவிடலாமா? விட்டால், காரணத்தோடு எச்சிலையும் சொல்லிவிட வேண்டுமா? சொன்ன பிறகும் அந்தக் கன்னத்தில் அவர் முத்தம் வைப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஓவியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களாக இருந்தால் போதும்.