யூனிக்ஸுக்கு லைன் தேடிய வசந்தா

வசந்தா இறந்த செய்தி வசந்தாவின் பெயரிலேயே எனக்கு வந்தது. பெங்களூர்க் கல்லூரியில் காலையில் மெயில் பார்க்க டெர்மினலைத் திறந்தேன். அனுப்பியவர் இடத்தில் அவள் பெயர். வழக்கமான தொணதொணப்புதான் என்று டீயைக் குடித்து முடித்துவிட்டே படித்தேன். 'வசந்தா காலமானார். மாலையில் எடுக்கிறார்கள். உடனே வரவும்.' எழுதியவர் எங்கள் முதலாளியின் தம்பி. அரூரில் அவள் திறந்து வைத்திருந்த திரையில் எழுத்தடிப்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. "ஆபீஸ் போனை யாரும் எடுக்கலீங்க. நீங்க மொதல்ல இதத்தான் பாப்பீங்கன்னு அந்தப் புள்ள சொல்லும்" என்றார் பிறகு.

அவளுடைய வாயை மட்டும் அறிந்தவர்களுக்கு அவளுடைய வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி அரூர்க்காரர். இருப்பது பெங்களூரில். அங்கே அவருக்கு ஒரு ஆபீஸ் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஒரே மெஷின் அரூரில், அவர் வீட்டு மஞ்சள் மண்டியின் மாடியில் இருந்தது. பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு நானும் வசந்தாவும் அங்கே புரோகிராம் எழுதினோம். எழுதியதை டேப்பில் ஏற்றி வாராவாரம் நான் பஸ்ஸில் கொண்டுபோவேன். வசந்தா போக முடியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. நீண்ட பஸ் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டேப் தாமதமாகிறது என்று தொழிற்சாலை முணுமுணுத்தது. போன் வழியாக அனுப்ப வழி பாருங்கள், இல்லாவிட்டால் மெஷினைப் பெங்களூருக்குத் தூக்கிவிடுவேன் என்றார் அரூருக்கு வந்த முதலாளி. "வசந்தாவுக்கு இங்கயே வேற ஏதாச்சும் பாத்துக்கலாம்" என்று அவள் எதிரிலேயே என்னிடம் சொன்னார். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளம்தான் சோறு. அவர் படியிறங்கியதும் என்னைப் பார்த்தாள். "உசுரோட இருக்கறப்பவே என்னைய ஓரங்கட்டறாங்க பாருப்பா. லைனு நான் புடிக்கறேன்."

சாதாரணக் காரியமா அது? சென்னையில் ஒரு நிறுவனம், கல்லூரிகளுக்கு மட்டும்தான் இணைப்பு என்று கைவிரித்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று விற்பனைப் பிரதிநிதியை அனுப்பியது. அவர் ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வைத்து, "இதப் போட்டா மெனு வரும் மேடம். பட்டனை அமுக்குனாப் போதும்" என்றார்.

"இது யூனிக்ஸ்ங்க. உங்க ஃப்ளாப்பிய இது சீண்டாது."

"அப்ப ஒரு பி.சி. வாங்கிக்குங்க."

"பட்டன் அமுக்க நாங்க ஆள் தேடலீங்க. எங்க மெஷின் இன்னொரு மெஷினோட நேரா பேசணும். உங்களுதுக்கு அந்தப் பேச்சு தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. டீ கொடுத்து அனுப்பினாள். கடைசியில் பெங்களூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கிடைத்தார். அவர்களுடையதும் யூனிக்ஸ். நாங்கள் அனுப்புவதை அவருடைய மெஷின் வாங்கி வைக்கும், நான் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். அவர் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் மெஷினின் பெயர் என்ன? மெஷினுக்கு அதுவரை பெயரே இல்லை. ஜன்னலுக்கு வெளியே களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. "மஞ்சள்" என்றாள் போனில், யோசிக்காமல்.

அதன்பிறகுதான் பெரிய தலைவலி. அரூரிலிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழியாக டிரங்க் கால் போட வேண்டும். மோடம் பெட்டி எழுத்தையெல்லாம் கீச்சொலியாக்கி அனுப்பத் தொடங்கும். பாதியில் லைன் அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் இதே கதை. என்னையும் கூட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கே போய்விட்டாள். ஆபரேட்டர் இஸ்மாயில் பாவம், அசந்துபோனார். "மூணு நிமிசத்துக்கு ஒருக்கா உள்ள வந்து நீட்டிக்கட்டுங்களான்னு கேக்கணும்ங்க, அது ரூல்ஸ். கேட்டா மனுசக் கொரலே இல்ல, வண்டு கத்தற மாதிரி கத்துது. லைன் கெட்டுருச்சுன்னு ஒயரப் புடுங்கிட்டேனுங்க."

அவள் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அது எங்க மெஷின் பேசறதுங்க. எத்தன நிமிசம்னு முன்னாடியே சொல்லிடறேன், நடுவுல கேக்காதீங்க." மறுநாள் முதல் அவர் குறுக்கே வரவில்லை. கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவள் வேலை தப்பியது.

நான் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தேன். டேப் சுமக்கும் வேலை போய்விட்டதால் ஊருக்கு வருவதும் குறைந்தது. அதனாலென்ன, தினம் அவள் எழுதுகிறாளே! 'உன் புரோகிராமில் நேற்று மூன்று ஓட்டை அடைத்தேன், வெட்கமாக இல்லையா?' என்பாள். 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டால், 'நன்றாக இருக்கிறேன், வேலையைப் பார்' என்பாள். பேராசிரியரே ஒருநாள் என்னிடம், "அந்தம்மாவுக்கு எவ்வளவு தெம்பு!" என்றார்.

செய்தி வந்த அன்று, எடுப்பதற்குள் அரூருக்கு வந்துவிட்டேன். அவள் கால்கள் வீங்கி, தோல் மினுமினுத்தது. அடையாளமே தெரியவில்லை. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆடி மாசத்துலருந்தே படியேற முடியல கண்ணு. மண்டி ஆளுங்கதான் சேர்ல வெச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. சாயந்திரம் தூக்கிட்டு வருவாங்க. மொதலாளிகிட்டயும் உங்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு. தெரிஞ்சா வேலையப் புடுங்கிருவாங்களாமா."

மண்டி ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "கனமே இல்லீங்க. மஞ்ச மூட்டையில பாதிகூட இல்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள்மேலும், முதலாளிமேலும். சேரில் தூக்கிப் போனால்கூட வேலை வேலைதானே! அதை ஒளிக்க வேண்டிய நிலைமையில் அவளை வைத்தது யார்?

மெஷினைப் பெங்களூருக்குக் கொண்டுவரப் போகிறாராம் முதலாளி. இனி அரூருக்கு லைன் எதற்கு என்கிறார். கொண்டுவரட்டும். அவள் ஊர் ஊராகக் கேட்டுப் பிடித்த லைன் அது. புரோகிராம், கேலி, திட்டு எல்லாம் அதில் ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. அவளுக்கு மூச்சு இரைத்தது மட்டும் வரவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சந்தேகம்தான். யாராவது 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதினால் இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன்.