தொடுகோடும் தேவமணி சாரின் குரலும்

தேவமணி சாருக்குக் கணக்குமேல் இருந்த மதிப்பைவிடத் தன் குரல்மேல் இருந்த மதிப்பு கொஞ்சம் கூடுதல். நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். கல்யாண வீட்டில் யாராவது, "சார் வாசிச்சா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும், பிரியாணி இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார்.

அந்தக் குரல்தான் அவர் காலை வாரியது. ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். கரும்பலகையில் அசையாமல் கிடக்கும் வட்டத்தையும் கோட்டையும் அதில் பிடித்து இழுத்து நகர்த்தலாம். அதை வைத்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குப் பாடங்கள் செய்து யூடியூபில் இலவசமாகப் போட்டார். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுக்களிலும் பகிர்ந்தார். வகுப்பில், "ஏலே, அங்கன என்னலே பேச்சு" என்று அதட்டுகிற மனிதர், சட்டையில் மைக்கை மாட்டியதும் நேரே ஆலயத்துக்குப் போய்விடுவார். "இதோ, ஒரு வட்டம் வரையப்பட்டது. அதற்குப் புறம்பே ஒரு கோடு நின்றது" என்று சொல்லுக்குச் சொல் இழுத்து நிறுத்துவார்.

"வட்டத்துக்கு என்னங்க ஆச்சு? யாரோ மரிச்ச மாதிரில்லா சொல்லுதிய" என்றாள் மனைவி கிருபை.

"கணக்குக்கு ஒரு மரியாதை வேணும்ளா."

பார்த்தவர்கள் சொற்பம். அதிலும் பாதி, தன் குரலைக் கேட்கப் போன அவரே. குழுவில் தவறாமல் கட்டைவிரல் போடும் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் இரங்கல் செய்திக்கும் கட்டைவிரல் போடுகிறவர். தேவமணி சார் வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் வலித்தது. எத்தனையோ சனிக்கிழமைகளை இதற்குத் தின்னக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு வகுப்பாவது இதைப் பார்த்துப் படிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சும்மா இருப்பது என்று முடிவு கட்டினார்.

கணக்கு ஆசிரியர்களுக்கான பயிற்சியில் தன் முறை வந்தபோது கேட்டேவிட்டார். "எம் பாடத்தை யாராவது வகுப்புல போட்டுக் காட்டுதியளா?"

எல்லாருக்கும் திடீரென்று செல்போனில் வேலை வந்துவிட்டது. அப்போது கீழவைப்பார் பக்கத்துப் பள்ளி டீச்சர் சந்தனமாரி எழுந்தாள்.

"நான் ஏற்கெனவே போட்டுட்டுதான் இருக்கேன் சார். வாரம் தவறாம."

தேவமணி சாருக்கு நெஞ்சு விம்மியது. குரலைச் சரிசெய்துகொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"சத்தத்தை மட்டும் அணைச்சிருவேன் சார்."

"ஏம்மா?"

"தப்பா நெனைக்காதிய. மொத நாளு சத்தத்தோடதான் போட்டேன். நீங்க 'இதோ'ன்னதும் பிள்ளைய எல்லாம் எந்திரிச்சு, கையக் கூப்பி, கண்ண மூடிட்டுதுவ. ஜெபம்னு நெனச்சிட்டுதுவ. கோடு வட்டத்தைத் தொட்டதை ஒருத்தரும் பாக்கல. கடைசியில ஆமென் மட்டும் சரியாச் சொன்னதுவ."

கூடமே சிரித்தது. தேவமணி சார் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். காது மட்டும் கொதித்தது. சந்தனமாரி பக்கத்தில் வந்து, தன் வகுப்பில் எடுத்த வீடியோவைச் செல்போனில் காட்டினாள். திரையில் அவருடைய கோடு, சத்தமில்லாமல் வட்டத்தை நோக்கி நகர்ந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். "நிறுத்துங்க மிஸ், இங்கனதான் தொடுது" என்றது ஒரு சிறுமியின் குரல். "இன்னும் உள்ள போனா ரெண்டு இடத்துல வெட்டிரும் மிஸ்."

தொடுகோட்டுக்கும் வெட்டுக்கோட்டுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் அவர் அதே பாடத்தில் ஏற்ற இறக்கத்தோடு நெடுநேரம் முழங்கியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமாகத் திறந்து தன் குரலை வெட்டி எடுத்தார். தன் தோலைத் தானே உரிப்பது போலத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல குரல் வீணாகிறதே என்று ஓரிடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் அழித்தார்.

டீயோடு வந்த கிருபை திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். வழக்கமாக டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுகிறவள், இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கோடு நடுப்புள்ளி வழியாப் போனா என்ன ஆகும்?"

தேவமணி சாருக்கு விளக்கம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அதே வட்டத்தை ஜியோஜீப்ராவில் திறந்து, மௌஸை அவள் பக்கம் தள்ளினார்.