இன்லைன் என்று ஒரு வரி

புக்கிட் தெங்காவில் மின்னணுப் பலகைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பலகைகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதுவேன், அதுவும் லிஸ்ப் மொழியில். பினாங்கில் லிஸ்ப் எழுதுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. தினமும் தீவிலிருந்து வேலைக்குப் பாலத்தைத் தாண்டும்போது அந்தத் திமிரும் என்னோடு காரில் வரும்.

அந்த இயந்திரத்தில், ஊசிகள் பதித்த தலைப்பகுதி ஒன்று மேலிருந்து இறங்கிப் பலகையை அழுத்தும். கதவு திறந்திருந்தால் அது இறங்கக் கூடாது. எனவே 'கதவு திறந்திருக்கிறதா?' என்ற கேள்வி நிரலில் பல இடங்களில் வரும். அதைச் சாதாரண ஃபங்ஷனாக எழுதினால், யார் கேட்டாலும் ஒரே இடத்துக்குப் போய்த்தான் பதில் வாங்கி வர வேண்டும். இன்லைன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், நிரல் கம்பைல் ஆகும்போதே, அதாவது இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றப்படும்போதே, அதன் நகல் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒட்டப்பட்டுவிடும். போய்வரும் நேரம் மிச்சம். மேக்ரோ இன்னும் ஒரு படி மேலே போய், நிரல் ஓடுவதற்கு முன்பே நிரலையே மாற்றி எழுதிவிடும். ஒருவருடைய போன் நம்பரை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குவது ஃபங்ஷன், சுவரில் எழுதி வைத்துக்கொள்வது இன்லைன். நம்பர் மாறினால் சுவருக்குத் தெரியாது.

முதலில் நான் அதை மேக்ரோவாகத்தான் எழுதியிருந்தேன், வித்தை காட்டத்தான். ஒரு வருடம் கழித்து, புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்லைனாக மாற்றினேன். சாதாரண ஃபங்ஷனே போதுமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது யார் வேண்டுமானாலும் எழுதுவது, நான் எழுதுவதா?

அந்த இயந்திரத்தை ஓட்டியது சிம்பாங் அம்பாட்டிலிருந்து வரும் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். முன் கதவில் சென்சார் இருந்தது. சிக்கிய பலகையை எடுப்பதற்குப் பின்பக்கம் ஒரு சிறிய கதவு உண்டு, அதில் இல்லை. அவர்தான் மாடியிலிருக்கும் என் இடத்துக்கு ஏறி வந்து சொன்னார்.

"தம்பி, பின்னால கதவு தொறந்து கெடக்கு, இது பாட்டுக்கு எறங்குது. ஒரு நாளைக்கு யாரு கையாச்சும் போயிரும் லா."

மறுநாளே பின்கதவில் சென்சார் பொருத்தினார்கள். நான் செய்ய வேண்டியது அந்த ஃபங்ஷனில் ஒரு வரி சேர்ப்பது. உற்பத்தி லைனை நிறுத்தினால் ஃபாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். லிஸ்ப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். அப்படியே வைத்தேன். பின்கதவைத் திறந்து கேட்டுப் பார்த்தேன். திறந்திருக்கிறது என்றது. மூடிக் கேட்டேன். மூடியிருக்கிறது என்றது. இயந்திரத்தின் திரையும் திறந்தால் சிவப்பு, மூடினால் பச்சை என்று அப்படியே காட்டியது.

"செட்டல் அக்கா. இனிமே தொறந்தா எறங்காது. செவப்பு வந்தா பயப்படாம கைய விடலாம்."

"சரிப்பா, தேங்க்ஸ்."

திரைக்கான நிரலும் அந்த ஃபங்ஷனும் ஒரே கோப்பில் இருந்தன, சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டன. தலைப்பகுதியை இறக்கும் நிரல் வேறு கோப்பில் இருந்தது. அதற்குள் ஒட்டியிருந்தது பழைய நகல், பின்கதவென்று ஒன்று இருப்பதே தெரியாத நகல். அந்தக் கோப்பையும் மறுபடி கம்பைல் செய்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் என்றால்கூட மனம் ஆறும். பலருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். நானே போட்ட இன்லைன் என்ற வரியை அன்றைக்கு மறந்துபோனேன், அவ்வளவுதான்.

அதே நாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பலகை சிக்கியது. அக்கா பின்கதவைத் திறந்து கையை விட்டார். தலைப்பகுதி இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மாடியில் மீ கோரேங் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த அலறலைக் கேட்டேன்.

அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மேனேஜரிடம் சொன்னேன். அவர் தன் அறைக் கதவைச் சாத்தினார்.

"யானைக்கும் அடி சறுக்கும் தம்பி. ரிப்போர்ட்ல 'சுவாய்'னு போட்டுரு. மெஷின நிறுத்தாம கைய விட்டாங்க. அது உண்மதானே?"

சுவாய் என்றால் மலாயில் கவனக்குறைவு. சறுக்கியது யானை, நசுங்கியது எறும்பு என்று வாய்வரை வந்தது. வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று பயம், வெறும் பயம். இயந்திரத்தை நிறுத்தவில்லை என்பது உண்மை. சிவப்பு வந்தால் பயப்படாமல் கையை விடலாம் என்று அக்காவுக்குச் சொன்னவன் நான். அந்த இரண்டாவது உண்மையை எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு இன்லைன் வரியை அழித்துச் சாதாரண ஃபங்ஷனாக்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேகத்தை அளந்தும் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு வருடமாக அந்த வரி ஒன்றையுமே மிச்சப்படுத்தியிருக்கவில்லை. அன்றைக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

மூன்றாவது வாரம் சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கதவைத் திறந்தார். அக்கா நாற்காலியில் இருந்தார், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவர் பார்க்கவே இல்லை.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேக்குறேன். செவப்பு வந்துச்சா? நான் செவப்பப் பாத்துட்டுத்தான் கைய விட்டேன்னு நெனச்சேன். கம்பெனியில சுவாய்ங்கிறாங்க. இவரும், நீ பாத்துருக்க மாட்ட, அவசரத்துல விட்டுருப்பங்கிறாரு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ண மூடுனா ஒரு வாட்டி செவப்பா தெரியுது, ஒரு வாட்டி பச்சையா தெரியுது."

விரல் போனதைவிட அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அரிக்க விட்டவன் நான்.

"செவப்புதான் அக்கா. நீங்க பாத்தீங்க. தெர சரியாத்தான் காட்டுச்சு. எறக்குற பக்கத்துலதான் பழச விட்டுட்டேன். தப்பு என்னோடது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் கத்துவார், கணவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா கணவரிடம் பேனாவும் தாளும் கேட்டார்.

"எழுதிக் குடு. மலாயில எழுது, கம்பெனிக்காரங்க படிக்கணும்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஃபங்ஷன், இன்லைன், நகல் எல்லாவற்றையும் யாருக்கும் புரியும்படி எழுத இரண்டு பக்கம் ஆனது. கடைசியில் சுவாய் என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக் கையெழுத்திட்டேன். வேலை போய்விடும் என்று தெரியும். போயும் விட்டது.

கணவர் அதை உரக்கப் படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார் அக்கா. திரை சிவப்பாகத்தான் இருந்தது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கணவர் முகத்தையே பார்த்தார்.

"பாத்துருக்கேன்ல? நான் பாத்துட்டுத்தானே விட்டேன்?"

அக்கா அழ ஆரம்பித்தார். நான் எழுந்தேன், யாரும் நிறுத்தவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போதும், பாத்துட்டுத்தான் விட்டேன், பாத்துட்டுத்தான் விட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.