மூச்சை அடக்கிப் பார்த்த படங்கள்

போன கிழமை சின்னவள் கேட்டாள்: "அப்பா, பழைய ஹொங்கொங் பேய்ப்படம் நீங்கள் கனக்கப் பாத்தனீங்களாம், அம்மா சொன்னா. எதை முதல் பாக்கிறது?"

அந்தப் படங்களில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீடியோக் கசற்றின் முதுகில் சீன எழுத்துத்தான் இருக்கும். ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். மாற்றிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று. அதனால் ஆறுதலாக எழுதித் தருகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது, ஷ்லீரன் என்ற ஊரில் தனிய இருந்தேன். எண்பதுகள் முடிகிற காலம், நீங்கள் இரண்டு பேரும் பிறக்கவில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சீன ரெஸ்டோறண்ட். அங்கே முதலில் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன். பெரிய சமையல்காரர் ஹொங்கொங்கில் பிறந்தவர், என்னைவிட நல்லாய் மூத்தவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். மத்தியானச் சாப்பாட்டு அமளி முடிந்தால் பின்னேரம் வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. அதற்கு இங்கே சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர், அறைக்குப் போய்க் காலை நீட்டுகிற நேரம். மாஸ்டரின் அறை ரெஸ்டோறண்டுக்கு மேலேயே இருந்தது. அவர் கால் நீட்டமாட்டார். யன்னலை இருட்டாக்கிவிட்டுப் பேய்ப்படம் போடுவார். வெளியே வெயில் எறிக்கும், ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போவார்கள், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருப்போம்.

கசற்றுகளை லண்டனில் இருந்த அவருடைய தம்பி காய்ந்த காளானோடு ஒரே பெட்டியில் போட்டு அனுப்புவார். இப்போதும் காய்ந்த காளான் மணந்தால் எனக்குப் பேய்தான் ஞாபகம் வரும். படத்தின் அடியில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வெள்ளை எழுத்து ஓடும். பேய் வெள்ளை உடுத்தி வந்தால் எழுத்து அதற்குள் மறைந்துபோகும். அது என்ன சொன்னது என்று மாஸ்டரைக் கேட்டால், எங்கள் இருவருக்கும் தெரிந்த, சமையலறையில் பழகின குசினி ஜெர்மனில் சொல்லுவார்: "அவள் கோபம். புருசன் கெட்டவன்." நான் சீன எழுத்து வாசிக்கமாட்டேன் என்று கசற்றுகளில் பேனையால் அடையாளமும் போட்டார். சிரிப்புப் படத்துக்கு ஒரு வட்டம், அழுகைக்கு ஒரு துளி, தனியப் பார்க்கக் கூடாததற்கு இரண்டு கண்.

ஒன்று சொல்கிறேன், கவனியுங்கள். ஆங்கிலக் குரல் போட்டதைப் பார்க்காதீர்கள். அந்தப் படங்கள் கண்டோனீஸில் எடுத்தவை. அந்த மொழியில் ஏச்சும் பாட்டுப்போல ஏறி இறங்கும். குரலை மாற்றினால் பேய் வங்கியில் வேலை செய்கிற ஆள்போலக் கதைக்கிறது.

பிறகு உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் வந்தபின் ஓய்வு நேரத்தில் நேரே வீட்டுக்குத்தான் போவேன். ஆனாலும் மற்ற நேரமெல்லாம் அவர் தனிய. அம்மாவுக்குக் குளிரும் பிரச்சினை இல்லை, சாப்பாடும் பிரச்சினை இல்லை. கதவு மணிதான் பிரச்சினை. ஊரில் கடைசியாக இருந்த காலத்தில் கதவு தட்டுப்பட்டால் அது சோதனைக்கு வந்த ஆமிதான், இராணுவம். வீட்டில் எல்லோரும் பின்னறைக்குள் ஒன்றாகக் குந்தி, மூச்சுச் சத்தமும் கேட்காமல் அடக்கி வைத்திருப்பார்களாம். தட்டினவர்கள் போனபிறகுதான் மூச்சு விடுவது. அந்தப் பழக்கம் அம்மாவோடு சேர்ந்து இங்கேயும் வந்துவிட்டது. மணி அடித்தால் குசினி மூலையில் அசையாமல் நிற்பார். கதவில் ஆளைப் பார்க்கிற கண்ணாடித் துளை இருக்கிறது என்று காட்டினேன். அதற்குக் கிட்டவும் போகமாட்டார்.

இங்கே அப்படிக் கதவு திறக்காமல் சீவிக்க முடியாது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்றுதான், அதைப் பூட்டித் திறக்கிற திறப்பும் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள். தோய்த்து முடிந்தால் திறப்பை அடுத்த வீட்டுக்காரரின் கையில் கொடுக்க வேண்டும், தபால்பெட்டிக்குள் போடவும் கூடாது. எங்களுக்கு அடுத்த நாள் மூன்றாம் மாடி இத்தாலிப் பெண்ணுடையது. தொழிற்சாலையில் விடியவேலை முடித்து மத்தியானம் வந்து மணி அடிப்பார். அந்த நேரம் எனக்கு ரெஸ்டோறண்டில் தலைக்கு மேல் வேலை. ஓய்வு நேரத்தில் நான் திறப்போடு ஏறிப்போனால் விடிய எழும்பினவர் நித்திரையாயிருப்பார், இரவு நான் வரும்போது அவர் வீட்டில் விளக்கு அணைந்திருக்கும். அவர் அடிப்பார், கத்துவார், கதவில் கையாலும் குத்துவார். அம்மா உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். திறப்பு எங்கள் மேசையில் கிடக்கும்.

இதற்கிடையில் ஒருநாள் நான் வீட்டுக்குப் பிந்திப் போனேன். புதுக் கசற் வந்திருந்தது, கொஞ்சம் மட்டும் பார்ப்போம் என்று மாஸ்டரின் அறைக்கு ஏறிவிட்டேன்.

"எங்கை போனனீங்கள்?"

"மாஸ்டரோடை ஒரு பேய்ப்படம் பாத்தனான்."

"நான் இஞ்சை சும்மா இருந்து பயப்பிடுறன். நீங்கள் அங்கை மினக்கெட்டுப் போய்ப் பயப்பிடுறீங்களோ?" அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "என்ன மாதிரிப் பேய்?"

அந்தக் கேள்வியில் எனக்குச் சந்தோசம். வந்த நாளிலிருந்து அம்மா எதையும் விரும்பிக் கேட்டதில்லை. பழைய சாமான் கடையில் கசற் போட்டுப் பார்க்கிற, மூடி இல்லாத டெக் ஒன்று வாங்கினேன். மாஸ்டரிடம் சொல்லாமல், நல்ல படம் என்று நான் நினைத்த துளி போட்ட கசற்றை எடுத்து வந்தேன். கறுப்பு வெள்ளைப் படம், ஆறுதலாகப் போகிறது. ஒரு பெரிய வீடு, காற்றில் திரைச்சீலை ஆடும், செத்துப்போன மனைவி வெள்ளை உடுத்தி ஒவ்வொரு இரவும் வந்து கதவைத் தட்டுவாள். சில நேரம் தன் குரலில் கூப்பிடுவாள், சில நேரம் புருசனின் குரலில் வேலைக்காரியைக் கூப்பிடுவாள். நல்ல நடிப்பு. அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

அடுத்த நாள் ஓய்வு நேரத்தில் வந்து வீட்டுக் கதவுக்குத் திறப்புப் போட்டேன். கதவு அசையவில்லை. உள்ளே சாப்பாட்டு மேசை, அதன்மேல் கதிரை, அதற்கும்மேல் அரிசிப் பை.

"ஆர்?"

"நான்தானப்பா. திறவும்."

"நீங்களெண்டு எப்பிடித் தெரியும்? படத்திலை அதுவும் புருசன்ரை குரல்லைதான் கதைச்சது."

"விசர்க்கதை கதையாதையும். என்ன சொன்னா நம்புவீர்?"

"எங்கடை கலியாணத்துக்கு ஆர் வரேல்லை?"

"உம்மடை பெரிய மாமா. தன்னை முதல் ஆளாக் கூப்பிடேல்லையாம்."

கதிரை இறக்குகிற சத்தம் கேட்டது. அதே நேரம் படியிலே கட்டடப் பராமரிப்பாளர் ஏறி வந்தார். அப்வார்ட் என்று சொல்வோமே, அவர். நான் கதவோடு கதைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: மூன்றாம் மாடிப் பெண் முறைப்பாடு சொல்கிறார், திறப்பு வருவதில்லை, இன்னொருமுறை நடந்தால் தான் நிர்வாகத்துக்கு அறிவிக்கத்தான் வேண்டும், இந்த வீட்டைக் கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்களைப்போல அகதி வழக்கு முடியாதவர்களுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. அவருக்கும் அது தெரியும்.

அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கோ. அங்கையெண்டா எல்லாரும் சேந்திருந்து பயப்பிடலாம். இஞ்சை தனியப் பயப்பிட என்னாலை ஏலாது."

பகிடிக்குச் சொல்லவில்லை. அன்று இரவுச் சமையலில் இஞ்சி வெட்டும்போது மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஃபால்ஷ்! ஃபால்ஷ்!" என்றார். பிழையாம். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முழங்கால் மடிக்காமல், எண்ணெய் பட்ட தரையில் துள்ளித் துள்ளி எனக்கு முன்னால் வந்தார். "முதல் இது," என்றார். "கடைசியிலைதான் அவள்."

ஆகவே பிள்ளையள், முதலில் துள்ளுகிற பிணம். வட்டம் போட்டது. பழைய காலத்து உத்தியோக உடுப்பும் தொப்பியும் போட்ட பிணம், நெற்றியில் மஞ்சள் கடதாசி ஒட்டியிருக்கும். கடதாசி விழுந்தால் அது எழும்பித் துள்ளிக்கொண்டு வரும். கண் தெரியாது. மூச்சை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கும். மூச்சை அடக்கினால் பக்கத்தில் நின்றாலும் தெரியாமல் போய்விடும். அந்தப் படத்தில் மூன்று மடையர்கள் வரிசையாக நின்று கன்னத்தை ஊதிக்கொண்டு மூச்சை அடக்குகிறார்கள், பிணம் ஒவ்வொருவராக மணந்து பார்க்கிறது. கடைசி ஆளுக்குத் தும்மல் வருகிறது.

அதை வீட்டில் போட்டபோது அம்மா முதலில் சிரிக்கவில்லை. "இது எனக்குத் தெரியும்," என்றார். "நாங்களும் இப்பிடித்தான் நிண்டனாங்கள்." நான் டெக்கை நிற்பாட்ட எழும்பினேன். "விடுங்கோ, ஓடட்டும்," என்றார். பிணம் ஒரு வாசற்படியைத் தாண்ட முடியாமல் முட்டி மல்லாக்க விழுந்தது. அப்போதுதான் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "கால் மடிக்கத் தெரியாத சீவனுக்கோ இந்தப் பயம் பயந்தவங்கள்?" பிறகு எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "எங்கடை வாசல்லை ஒரு படிகூட இல்லை."

"ஏன் இதுகள் துள்ளுது?" என்றும் கேட்டார். மாஸ்டர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். தூர இடத்துக்கு வேலைக்குப் போய்ச் செத்த ஏழைகளாம். காவிக்கொண்டு வரக் காசில்லை. அதனால் சொந்தக்காரர் ஒரு பூசாரியைப் பிடிக்க, அவர் மந்திரம் சொல்லி வரிசையாக ஊருக்கு நடத்திக்கொண்டு போவாராம். முன்னால் அவர் மணி அடித்துக்கொண்டு போவார், வழியில் நிற்கிறவர்கள் விலகட்டும் என்று.

"அப்ப அதுகளும் எங்களை மாதிரித்தான். வீட்டை போகத் தெரியாததுகள்," என்றார் அம்மா. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "மணி அடிக்கிறவர் பேயில்லை என்ன? மனுசன்," என்றார். நான் ஓம் என்றேன்.

அதன்பிறகு ஓய்வு நேரத்தில் வட்டம் போட்ட கசற்றாகவே பார்த்தோம். பேயைத் தூக்கிப் பறக்கவிட்ட நூல் தெரியும். நூலைப் பார்த்துச் சிரியுங்கள், பிழையில்லை. ஆனால் அந்த நூலில் தொங்கி விழுந்து எழும்புகிறவர்களின் உடம்பைப் பாருங்கள். ஒருவரும் சும்மா விழவில்லை. அந்த நோவெல்லாம் உண்மையான வலி.

ஒருநாள் ரெஸ்டோறண்ட் குசினியில் தண்ணீர்க்குழாய் உடைந்து, எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். அது நாங்கள் உடுப்புத் தோய்த்ததற்கு அடுத்த நாள். மத்தியானம் படம் போட்டோம். மூச்சு அடக்குகிற கட்டம் வந்தது. அம்மாவும் படத்தோடு சேர்ந்து கன்னத்தை ஊதினார், நானும் ஊதினேன். அது எங்கள் விளையாட்டாகவே ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது.

நான் எழும்பியிருக்க வேண்டும். ஆனால் எழும்பவில்லை, மூச்சை அடக்கினபடியே இருந்தேன். திரையில் மூன்று பேர், கதிரையில் இரண்டு பேர், எல்லோரும் கன்னத்தை ஊதிக்கொண்டு. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை. வாயால் மூச்சு வெடித்து வந்தது, அதன்பின்னால் சிரிப்பு, கட்டடம் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. வெளியில் மணி நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்துபோயிற்று.

"இருங்கோ. நான் போறன்," என்றார் அம்மா.

மேசையிலிருந்து திறப்பை எடுத்தார். கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடித் துளையில் எட்டிப் பார்த்தார். பிறகு திறந்தார்.

இத்தாலிப் பெண் உடுப்புக் கூடையோடு நின்றார். ஏசுவதற்கு வாய் திறந்தவர், அம்மாவின் தோளுக்கு மேலால் ரீவியைக் கண்டுவிட்டார். பிணம் துள்ளிக்கொண்டிருந்தது. "மடோன்னா!" என்றார். கூடையைக் கீழே வைத்தார். "என்ன இது?" அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. திறப்பை அவருடைய கையில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக் காட்டினார், கையை நீட்டி ஒருமுறை துள்ளியும் காட்டினார். அந்தப் பெண் உள்ளே வந்து, கூடைக்குப் பக்கத்தில் குந்தி, படம் முடியும் வரைக்கும் போகவில்லை. அன்று அவர் உடுப்புத் தோய்க்கத் தொடங்கப் பின்னேரமாகிவிட்டது.

பிறகு அவர் அடிக்கடி வந்தார். வட்டம் எல்லாம் முடிந்த பிறகு வெள்ளை உடுத்தவளின் படத்தை அம்மாவே கேட்டு வாங்கினார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். இந்தமுறை கதவுக்கு மேசை வைக்கவில்லை. அம்மா அழுதார். "பாவம், அது தன்ரை வீட்டுக் கதவைத்தானே தட்டுது," என்றார். இத்தாலிப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை, அவரும் மூக்கைச் சீறினார். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படம் கடைசிக்கு. அதுதான் எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் சிரித்துப் பழகின பிறகுதான் அவளுக்காக அழ வரும். இரண்டு கண் போட்டவை, பூச்சி புழு, சூனியம், அவற்றை விட்டுவிடுங்கள். நானே பாதியில் எழும்பிப் போய் வெங்காயம் உரித்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் துள்ளுகிற பிணம் ஒன்றைத் திரும்பப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. நான் எழும்ப முதல் அம்மா போய்த் திறந்துவிட்டார். அப்வார்ட் நின்றார். ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு சத்தம் கூடாது, கீழ்வீட்டில் முறைப்பாடு என்றார். அம்மா அப்போது படித்திருந்த ஜெர்மன் கொஞ்சம்தான். "க்ரூஎட்சி," என்று வணக்கம் சொன்னார். பிறகு உள்ளே திரும்பி என்னிடம் கேட்டார்:

"இஞ்சருங்கோ, இவருக்கும் ஒரு கதிரை போடுங்கோ. முதல்லையிருந்து போடுவம், என்ன?"