கேட் தூணில் எழுதாத பேர்

மலையாளத்துக்காரர்கள் ஆளின் பேரைக் கேட்ட கையோடு வீட்டுப்பேரையும் கேட்பார்கள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் "வீட்டுப்பேரு எந்தா?" நமக்கு அப்பா பேரின் முதல் எழுத்து ஒன்று முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு இந்தத் திருவனந்தபுரத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், "எங்க வீட்டுக்குப் பேரு கிடையாது, வாடகை வீடு" என்று சொல்லித் தொலைத்தேன். கேட்டவர் சிரித்துவிட்டார். இங்கே வாடகை வீட்டுக்கும் பேர் உண்டாம்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். சிமெண்டில் எழுத்து எடுப்பதில் அவருக்கு நல்ல கை. கேட் தூணில் சாந்தைப் பூசி, கரண்டி முனையால் மலையாள எழுத்தை மேடாக எடுத்துவிடுவார். அர்த்தம்தான் தெரியாது. சாயந்திரம் வந்து எங்கள் மகளிடம் கேட்பார். ஒருமுறை 'தணல்' என்று எழுதிவிட்டு வந்து, "குடியிருக்கிற வீட்டுக்குப் போயி நெருப்புன்னு பேரு வைக்கானே, இவன் உருப்படுவானா?" என்று புலம்பினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மலையாளத்தில் தணல் என்றால் நிழலாம்.

ஊருக்கெல்லாம் பேர் எழுதிய மனிதர் சொந்த வீட்டுக்கு எழுதவில்லை. வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துப் பார்த்து அவரே கட்டிய வீடு. வாடகை மிச்சமாகட்டும் என்று பூச்சு வேலை முடியுமுன்னே குடி வந்துவிட்டோம், பால் காய்ச்சுவதை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு என்று தள்ளி வைத்தோம். கேட் தூணில் சதுரமாக ஓர் இடம் விட்டு வைத்தார். "பேரு நீ சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நாங்கள் பேர் வைக்காவிட்டால் என்ன, சந்து சும்மா இருக்குமா? அஸ்திவாரம் தோண்டிய அன்றே வைத்துவிட்டது. பாண்டி வீடு. ஆரம்பித்து வைத்தது எதிர்வீட்டுச் சேச்சி. நல்ல மனுஷிதான், கிணற்றுத் தண்ணீர் தந்து உதவியவள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்தத் தமிழர் வந்தாலும் இவர்களுக்குப் பாண்டிதான்.

"பாண்டின்னா பாண்டிய நாட்டுக்காரன். ராஜா பேருட்டி அது" என்பார் இவர்.

"ராஜாவாம் ராஜா! அவுக சொல்லுத தோரணை ராஜாவைக் கூப்பிடுத மாதிரியா இருக்கு?" என்று நான் பாய்வேன்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. ஒரு நாள் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்க எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப் பக்கம் போயிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த மகள் அங்கே இறங்கினாள். பஸ்ஸுக்குள் இருந்த தோழிகளுக்குக் கை காட்டினாள். பஸ் கண்ணில் மறைந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வீட்டுக்கு வந்து, ஏன் அங்கேயே இறங்கினாய் என்று கேட்டேன்.

"சும்மா நடக்கலாம்னுதாம்மா."

எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் பாண்டி பாண்டி என்று கூப்பிட்டு, அவள் சோறு இறங்காமல் கிடந்த நாள்களை நான் மறக்கவில்லை. பாண்டி வீடுதான் தன் வீடென்று தோழிகளுக்குத் தெரியக் கூடாதென்று இப்போது ஒரு ஸ்டாப் நடக்கிறாள். இந்தச் சந்தின் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பேர் வைக்க வேண்டும், என் பிள்ளை தன் ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு அளவு கொடுக்க வருகிற ஒருத்தியையும் விடவில்லை. வீட்டுப்பேர் என்ன, அதற்கு அர்த்தம் என்ன? பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியவில்லை. ஒருத்தி 'சைத்ரம்' என்றாள். இவரிடம் வந்து சொன்னேன். "அது சித்திரை மாசம்லா? வேகாத வெயிலு. நமக்கு வேண்டாம்" என்றார். கடைசியில் 'ஸ்ரீநிலயம்' பிடித்தது. லட்சுமி குடியிருக்கிற இடம். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? மகளிடம் கேட்டேன். "எந்தெங்கிலும், என்னமாச்சும் வைங்கம்மா" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. வேலை நெருக்கடியில் சிமெண்ட் குழைக்க நேரமில்லை என்று இவர் அந்தச் சதுரத்தில் சாக்பீஸால் ஸ்ரீநிலயம் என்று எழுதி வைத்தார். தோழிகளைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று நான் மகளை நச்சரித்து வைத்திருந்தேன். அவளும் புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

பால் பொங்கியது. குலவை போட்டோம். வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். தோழிகளை மட்டும் காணோம். போன் வந்தது. ஆட்டோவில் சந்து சந்தாகச் சுற்றுகிறார்களாம். பார்த்த ஸ்ரீநிலயத்தில் எல்லாம் வேறு யாரோ இருக்கிறார்களாம். "ஏது ஸ்ரீநிலயம்? இங்ஙனெ ஒரு வீடு இவிடெ இல்லல்லோ" என்று ஆட்டோக்காரர் அலுத்துக்கொள்வது ஸ்பீக்கரில் எங்களுக்கே கேட்டது.

மகள் முற்றத்தின் நடுவில் நின்றாள். முகம் செத்துவிட்டது. "கொண்டா, நான் பேசுதேன்" என்று கையை நீட்டினேன். தரவில்லை. எதிர்வீட்டுச் சேச்சியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஆட்டோச் சேட்டனோடு பற, பாண்டி வீடு! பாண்டி வீடுன்னு பற!"

சேச்சியின் இட்லி பாதி வழியில் நின்றது. போனில் ஆட்டோக்காரர், "ஆ, பாண்டி வீடோ! அது ஆத்யமே பறஞ்ஞூடே?" என்றார். முதலிலேயே சொல்லக் கூடாதா என்கிறார் அந்தப் புண்ணியவான்!

கேசரி ஆறுவதற்குள் தோழிகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஒருத்தி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்ர நல்ல வீடு வச்சிட்டாணோ நீ ஞங்ஙளெ விளிக்காத்தே?" என்று மகள் முதுகில் ஓர் அடி போட்டாள். இவ்வளவு நல்ல வீட்டை வைத்துக்கொண்டா இத்தனை நாள் எங்களைக் கூப்பிடவில்லை என்று அர்த்தம். மகள் நேராகக் கேட்டுக்குப் போனாள். ஈரக் கையால் ஸ்ரீநிலயத்தை அழித்தாள். அப்பாவிடம் சாக்பீஸை வாங்கி மலையாளத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதினாள். பாண்டி வீடு.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? உனக்காகத்தானே நான் இந்தப் பாடு பட்டேன்!" எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

"ஒளிச்சு ஒளிச்சு எனக்கு மடுத்துப்போச்சும்மா" என்றாள். மடுத்துப்போச்சு என்றால் சலித்துப்போச்சு.

மறுநாளே இவர் அந்த எழுத்தின் மேல் சிமெண்டைப் பூசி எடுத்துவிட்டார். "இந்த ஒரு பேருக்குத்தான் அர்த்தம் கேக்காம எழுதினேன்" என்று அன்று முழுக்க ஒரே சிரிப்பு.

வேடிக்கை என்னவென்றால், தூணில் ஏறிய பிறகு சேச்சிக்கு அந்தப் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது. மீன்காரியிடம் "தையல்காரியுடெ வீடு" என்று இழுக்கிறாள். "பேரு எழுதியிருக்குல்லா சேச்சி, வாயிச்சுக்கோ" என்பேன். "போ பெண்ணே" என்று வெட்கப்படுவாள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வாரம் கிழக்கேகோட்டையில் நூலும் கொக்கியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். முன்னால் மகள் தோழிகளோடு நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. முந்தின ஸ்டாப் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் அசையவில்லை, ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். அடுத்தது எங்கள் ஸ்டாப். "பாண்டி வீடு எத்தி, இறங்ஙிக்கோ!" என்று ஒருத்தி கத்தினாள். "போடீ" என்று சிரித்தபடி மகள் குதித்து இறங்கினாள்.

நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. அன்றைக்கு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தது நான்தான்.