மாதா படத்துக்குச் சாத்திய பட்டு

அந்தப் படத்துக்குப் பட்டு ஒட்டியவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இன்னும் வயிறு எரிகிறது.

வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். மாதா கோயிலின் பக்கச் சுவரில் ஒரு படம் உண்டு. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ வரைந்ததன் அச்சு. ரோமுக்குப் போய் வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் சட்டம் போட்டுக் கொடுத்தது. மாதா சிவப்பு அங்கியை விலக்கிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பிள்ளை ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, குடிப்பதை நிறுத்திவிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்பதுபோல் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. பால் சுரக்காத பெண்கள் அதன் முன்னால் ஒரு டம்ளர் பால் வைத்து வேண்டிக்கொண்டு, அதைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நானும் வைத்தேன். தலைச்சன் பெண் பிள்ளை. எனக்குச் சொட்டுப் பால் இல்லை. பவுடர் பால் கொடுத்தால் கக்கியது. மாதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, எதிர்வீட்டு அக்காதான் பார்த்தார்கள். அப்போது அவர்கள் மகனும் கைக்குழந்தை. என் மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் இரண்டும் குடிக்கும். குறுவை நட்டதிலிருந்து அதை அறுத்துத் தாளடி நடும்வரை, நாலைந்து மாதம், அந்தப் பால்தான் அவளுக்கு. இன்று அவள் உயிரோடு நடமாடுவது அதனால்தான். இதை அவளிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அவளும் பெரியம்மா, பெரியம்மா என்று அவர்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு மகள் நிறைமாத வயிற்றோடு வந்திருந்தாள். அக்கா இப்போது மாதா சபைத் தலைவி. மகனுக்குத் திருச்சியில் பெரிய இடத்தில் பேசி முடித்து, சம்பந்தி வீட்டாரையும் திருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். பீடத்தில் நிற்கும் மாதா சுரூபத்துக்குப் புடவை சாத்துவது எங்களிடம் வழக்கம்தான். இந்தத் தடவை படத்துக்கும் சாத்திவிட்டார்கள். பட்டுப்புடவையில் ஒரு துண்டைச் சரிகையோடு வெட்டி, கழுத்திலிருந்து மடிவரை பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மார்பு மறைந்தது, கூடவே பிள்ளையும் மறைந்துவிட்டது. மாதா வெறும் பட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எங்கே போயிற்று இவர்களுக்கு?

யார் வேலை என்று விசாரித்தால் அக்காதான் என்றார்கள். நேரே போய்க் கேட்டேன். நாலு பெரிய மனுஷர் வந்து போகிற இடம், மாரைத் திறந்து போட்ட படம் அசிங்கமாக இருக்காதா என்றார்கள். அசிங்கமாம். எனக்குச் சுருக்கென்றது. சம்பந்தியம்மா பக்கத்தில் நிற்பதைப் பார்த்தும் வாய் நிற்கவில்லை. என் மகள் எனக்குப் பின்னால் நின்றாள்.

"அப்ப எம் பொண்ணுக்கு நீங்க கொடுத்தது என்னக்கா?"

அக்கா சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நான் எங்க கொடுத்தேன்? பசும்பாலக் காய்ச்சிக் கொடுத்தனுப்புனேன். நீ எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கிற."

நானா குழப்பிக்கொண்டேன்? மகள்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா கேரியரில் பிரியாணி எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக வந்தார்கள். மகள் கூடத்தில் படுத்திருந்தாள். அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் குலம் கோத்திரமெல்லாம் பார்ப்பார்கள், கண்டவர் பிள்ளைக்கும் பால் கொடுத்தவள் என்று பேச்சு வரும், கல்யாணமே நின்றுவிடும் என்று கெஞ்சினார்கள். என் பிள்ளை கண்டவர் பிள்ளையாகிவிட்டாள். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

"அவங்களை விடுங்கக்கா. உள்ள அவ இருக்கா. அவகிட்ட மட்டும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அக்கா கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். போய்ச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நம்பினேன்.

"அவ வெளிய யார்கிட்டயாவது சொல்லிட்டான்னா?" என்று கேட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்கள்.

மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து அடுப்படிக்கு வந்தாள்.

"விடும்மா. அந்தம்மா சொல்ற மாதிரி நான் பசும்பால்லயே வளந்தேன்னு வச்சுக்குவோம்."

பேச்சு வந்த நாளிலிருந்து பெரியம்மா என்று கூப்பிட்டவள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.